பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்தது நான் இல்லை

பொட்டு வைத்தது நான் இல்லை. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். காப்பெல் என்கிற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் நான்தான் வைத்தேன் என்று நம்பிக்கொண்டு, கோயிலில் என்னைக் கண்டால் வாயை மூடிச் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று இல்லை என்று சொல்ல எனக்கு வராது. ஐந்தாவது வரை படித்த எழுத்து கையில் இருக்கிறது, அது போதும்.

என் மகன் சனி ஞாயிறுகளில் துப்பாக்கி சுடுகிறவன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். அது வேறு சண்டை, இங்கே வேண்டாம். சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டை அவன் எறிவதில்லை. பொறுக்கி வந்து, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து உபயோகிப்பான். ஆனால் ஒருமுறை சுட்டால் கூடு உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகக் கராஜில் மேஜையோடு முடுக்கிய ஒரு பிரஸ் வைத்திருக்கிறான். பிரஸ்ஸின் தலையில் ஓர் ஓட்டை. அதில் கனத்த உருக்குக் குழாய் ஒன்றை மரையில் திருகி இறக்கியிருக்கும். அதன் பெயர் டை. தலைக்கு அடிக்கிற டையாக்கும் என்று நான் நினைத்ததை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கூட்டைக் கீழே செருகிக் கைப்பிடியை இழுத்தால், அது மேலே ஏறி டைக்குள் போய் இறுகி வெளியே வரும். கழுத்து, தோள், உடம்பு என்று கூட்டுக்கும் நம்மைப் போலவே பெயர். அந்தத் தோள் ஒரு மயிரிழை பின்னால் போக வேண்டும். போதாவிட்டால் துப்பாக்கி மூடாது. அதிகமாகப் போனால் சில தடவை சுடுவதற்குள் பித்தளை அடியில் கிழிந்துவிடும். டை எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது நகராமல் இருக்க அதைச் சுற்றி ஒரு வளையம். பிரஸ்ஸின் தலைமேல் அந்த வளையம் படிந்து உட்கார்ந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை தோசை மாவு எடுக்கக் கராஜ் ஃபிரிட்ஜுக்குப் போனேன். "சும்மாதானம்மா இருக்க, இதைக் கொஞ்சம் இழுத்துக் குடு. நான் அளக்கறேன்" என்றான். அன்றிலிருந்து அது என் வேலையாயிற்று. மெழுகு மாதிரி ஒரு பசையைக் கூட்டின் மேல் விரலால் தேய்ப்பேன், செருகுவேன், இழுப்பேன். எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரில் காரில்லாமல் தெருமுனைக்குக் கூடப் போக முடியாது. ஒரு காலை நேரம் போவது தெரியாமல் போனால் சந்தோஷம்தானே. மருந்துப் பெட்டியை நான் தொட்டதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமையலறைக்குள் வரக் கூடாது என்று மருமகள் சட்டம் போட்டிருந்தாள். நியாயமான சட்டம், மீறியதில்லை. கைப்பிடி அடியில் போய் முட்டும் வரைக்கும் இழுப்பேன். ஒன்றைக்கூட அரைகுறையாக விட்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். கராஜில் மகன் நிறுத்தினான்.

"பிரஸ்ஸுக்கும் வைம்மா."

"ரெண்டு காருக்கும் வெச்சாச்சு, மிக்ஸிக்கு வெச்சாச்சு, உன் லேப்டாப்புக்கும் வெச்சாச்சு. சுடற சாமானுக்கு நான் வைக்க மாட்டேன் கண்ணு."

"இது சுடாதும்மா, வெறும் டூல். ஆயுத பூஜைன்னு பேரை வெச்சுக்கிட்டு ஆயுதத்துக்கு மாட்டேங்கறயே!"

மருமகள் சிரித்தாள். "லாஜிக் இருக்குல்ல அத்தை?"

லாஜிக் இருக்கட்டும். நான் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவனே டையைக் கழற்றித் துடைத்துத் தட்டில் வைத்தான். அவனே மூன்று விரல் நிறையச் சந்தனத்தை அள்ளிப் பிரஸ்ஸின் தலையில், ஓட்டையை ஒட்டி, நெற்றியில் இழுப்பதுபோல் இழுத்தான். அதன்மேல் குங்குமம். மருமகள் போனில் வீடியோ எடுத்தாள். மறுநாள் டையை மறுபடி திருகி இறக்கினான். சந்தனத்தைத் துடைத்தானா என்றால், இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் வழக்கம்போல் இழுத்தேன். எப்போதும் முதல் சில கூடுகளைக் கேஜில் போட்டுப் பார்ப்பான். அது ஓர் இரும்புக் குப்பி; கூடு அதன் விளிம்புக்கு மேல் எழும்பி நின்றால் அளவு சரியில்லை என்று அர்த்தம். அன்று ஆபீசிலிருந்து போன். "நீ இழுத்துட்டே இரும்மா, நான் அப்புறம் செக் பண்ணிக்கறேன்" என்று காதில் போனோடு உள்ளே போனான். அப்புறம் என்பது வரவே இல்லை. அளக்காமலே மருந்து போட்டான், குண்டு வைத்தான், நண்பர்களோடு காட்டுப்பன்றி சுட யாரோ ஒருவருடைய பண்ணைக்குப் போனான்.

துப்பாக்கி மூடவில்லை. எதிரே பன்றி நின்றுகொண்டிருக்க, இவன் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுப் போட்டு அழுத்தியிருக்கிறான். பன்றி பிழைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

திரும்பும்போது நண்பர்களும் வீட்டுக்கு வந்தார்கள். காபித் தட்டோடு நான் ஹாலுக்கு வருகிறேன், மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான்:

"அம்மாவுக்கு முன்ன மாதிரி கையில பலம் இல்லடா. ஃபுல்லா இழுக்கலை போல. என் தப்புதான், வயசானவங்ககிட்ட அந்த வேலையைக் குடுத்திருக்கக் கூடாது."

என் தப்புதான் என்று சொல்லிக்கொண்டே என் தலையில் வைக்கிற சாமர்த்தியத்தைப் பாருங்கள். "பாவம்டா ஆன்ட்டி" என்றார் ஒருவர். என் கையிலிருந்த தட்டை எழுந்து வாங்கிக்கொண்டார். காபியை இத்தனை தூரம் சிந்தாமல் கொண்டுவந்தது எந்தக் கை? கேட்கத் தோன்றியது. உள்ளே போய்விட்டேன்.

அதோடு நிற்கவில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்காதீங்க அத்தை என்றாள் மருமகள். பால் கேனைத் தூக்காதீங்க, குக்கர் மூடியை நான் வந்து திறக்கறேன். கடைசியில் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு அடல்ட் டேகேர் இருக்கு அத்தை. எல்லாம் நம்ம ஆளுங்கதான். பஜனை, யோகா, மத்தியானம் சாப்பாடு. கைக்கு எக்சர்சைஸ் சொல்லித் தருவாங்க. பஸ்ஸும் அவங்களே அனுப்புவாங்க. தேங்ஸ்கிவிங் லீவு முடிஞ்ச திங்கக்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்காங்க."

டேகேர் என்றால் இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற இடம். போகிறவர்கள் சந்தோஷமாகப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் போவதாக யார் சொன்னது? என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்தாயிற்று. காரணம் கேட்டால், கை. அந்தக் கைதான் அன்று காலை அவர்கள் இருவருக்கும் சப்பாத்தி இட்டது.

பிறகு ஒரு நாள் மீதமிருந்த கூடுகளை மகனே இழுக்க உட்கார்ந்தான். நான் ஃபிரிட்ஜில் கொத்தமல்லி தேடிக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்து இழுத்தான். கேஜில் போட்டான், கூடு எழும்பி நின்றது. எழுந்து நின்று உடம்பையே போட்டு இழுத்தான். அப்போதும் எழும்பி நின்றது. டையைக் கழற்றினான். வளையத்தின் அடியில் சந்தனமும் குங்குமமும் நசுங்கிக் காய்ந்து, நகத்தால் சுரண்டினாலும் பெயராதபடி மெல்லிசாக ஒட்டியிருந்தது. அந்தத் தடிமனுக்கு டை மேலே நின்றுவிட்டது. எத்தனை பலமாக இழுத்தாலும் தோள் பின்னால் போயிருக்காது.

"ஐயோ, சந்தனம்!" என்று கராஜ் அதிரச் சிரித்தான். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை வரும் என்று கொத்தமல்லிக் கட்டோடு நின்றேன். "இன்னிக்கு என்னம்மா, ரசமா?" என்றான்.

தேங்ஸ்கிவிங் அன்று அந்தப் பாவம்டா ஆன்ட்டி சொன்னவர் வீட்டில் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோனோம், என்னுடையது தயிர்வடை. சாப்பாடு முடிந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது மகன் ஆரம்பித்தான்.

"பன்னி கதையோட கிளைமாக்ஸ் தெரியுமா? எங்கம்மாவுக்கு பக்தி முத்திப்போய், பிரஸ்ஸுக்கு பொட்டு வெச்சுட்டாங்க! ஒரு பொட்டு, மொத்த பேட்ச்சும் அவுட்!"

வீடே சிரித்தது. என் காது கொதித்தது. நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன ஆன்ட்டி சொன்னீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"பொட்டு வெச்சது நானில்ல. அவன்தான். நான் மாட்டேன்னு சொன்னேன்."

"அம்மா, அது வந்து…"

"டேய் இரு இரு" என்று வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ பொட்டு வைக்கிற வீடியோவை நீயேதானடா குரூப்ல போட்ட! நான் லைக் வேற போட்டேன்!"

இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. இத்தனை பேரும் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள். பார்த்துவிட்டுத்தான் ஒரு நிமிஷம் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சரி, நான்தான், நான்தான்" என்று மகன் இரண்டு கையையும் தூக்கினான். "அம்மா இழுத்தது கரெக்ட்தான். போதுமா?"

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாத கைக்குத் திங்கக்கிழமை எதுக்கு பஸ் வருது?"

மருமகள் என் முழங்கையைத் தொட்டாள். "அத்தை, அதை வீட்டுல போய் பேசிக்கலாமே."

"கையில பலம் இல்லைங்கறதை மட்டும் எல்லார் முன்னாடியும் பேசலாமா? வேற காரணம் இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் வேறு காரணம் இருந்ததா, அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாத காரணமா, எனக்குத் தெரியாது. திரும்பும்போது காரிலேயே மருமகள் அந்த இடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை பஸ் வரவில்லை. ஆனால் பன்றிக் கதை அந்த விருந்துக்கு வராதவர்களிடமும் போய்விட்டது, நான் சொன்னது மட்டும் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான். கூடுகளைக் கழுவிக் காயவைத்திருப்பதாகச் சொன்னான். "வாம்மா, நீ இழுத்தாதான் சரியா வருது" என்று குழைந்தான்.

"நீயே இழு. எனக்கு மாவரைக்கணும்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். நான் கிரைண்டர் கல்லைக் கழுவி, அவன் கண் முன்னாலேயே தூக்கி வைத்தேன். ஓடி வந்து பிடிக்கப் பார்த்தவன் பாதியில் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கராஜில் கைப்பிடி அடியில் முட்டுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் கூட்டைக் கேஜில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். நான் எட்டிப் பார்க்கவில்லை.