அறிவிப்பு வேன்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. நன்னிலம் கடைத்தெருவில் ஜாபிர் ஒரு காரின் பின் சீட்டைக் கழற்றி வெளியே இறக்கிக்கொண்டிருந்தார். போனில் கூட்டாளி வைரக்கண்ணுவின் மனைவி ஆனந்தவல்லி அழவில்லை. "தம்பி, அவர் பஸ்ஸுலயே சாஞ்சுட்டாராம்ப்பா. திருவாரூர் போயே சேரலையாம்."

ஒரு ஃப்யூஸ் ஹோல்டர் வாங்கத்தான் வைரக்கண்ணு காலையில் பஸ் ஏறியிருந்தார். வயது ஐம்பத்து நான்கு.

இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே கடை. சீட்டும் கார்பெட்டும் கழற்றி மாட்டுவது ஜாபிர். ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுத்து இணைப்புக் கொடுப்பது வைரக்கண்ணு. பேட்டரி வயரை வண்டியின் ஒரு ஓரமாகவும், பாட்டு வரும் வயரை மறு ஓரமாகவும்தான் கொண்டுபோவார். "ஒண்ணா விட்டா இரைச்சல்தான்டா ஜாபிரு, நாத்தனாரும் அண்ணியும் மாதிரி" என்பார். ஆனந்தவல்லி சாப்பாட்டுத் தூக்கோடு வருவது தெரிந்தால் அதையே இன்னும் உரக்கச் சொல்வார். துபாயிலிருந்து லீவில் வருகிறவர்கள் கண்ணாடி அதிர வேண்டும் என்று கேட்டால், "கண்ணாடியும் அதிரும், எதிர்வீட்டுக்காரன் வாயும் அதிரும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். இணைப்புக் கொடுக்கும்போது ஜாபிரைப் பக்கத்தில் விடுவதில்லை. "உன் கை கனமான கை. நீ சீட்டத் தூக்கு."

ஜாபிர் வீட்டுக்குப் போனபோது ஆனந்தவல்லி அவரைத் தனியே அழைத்தார்.

"அவங்க அக்காவுக்குத் தெரியணும், தம்பி."

பத்துக் குழி நிலத்துப் பட்டாவில் பிணங்கி, ஒன்பது வருடமாக அக்காவும் தம்பியும் முகம் பார்த்ததில்லை. அக்கா ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தார்.

"போன் போட்டுச் சொல்லட்டுமா அண்ணி?"

"போன்ல சொன்னா நாமளா கூப்பிட்டதாயிடும். வீம்புக்காரி, வரமாட்டா. வண்டி போய்த் தெருவுல மைக்குல சொன்னா, அது ஊருக்குச் சொன்னது. அதுக்கு வந்துடுவா. அஞ்சு மணிக்கு எடுத்துடுவாங்க தம்பி. அவ பாக்காம இவரை அனுப்ப எனக்கு மனசில்ல."

சுற்று வட்டாரத்தில் சாவு சொல்லப் போவது பிரபுவின் வேன்தான். அது கடை வாசலில்தான் நின்றது. கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் ஏறிவிட்டன, வயரும் இழுத்தாகிவிட்டது. பேட்டரி இணைப்பும் எர்த்தும்தான் பாக்கி. அந்த வேனுக்குத்தான் வைரக்கண்ணு ஃப்யூஸ் ஹோல்டர் வாங்கப் போனார்.

வேறொரு காரிலிருந்து ஹோல்டரைக் கழற்றி வந்து ஜாபிர் வேனுக்குள் குனிந்தார். அவசர அவசரமாக எர்த் வயரை டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த போல்ட்டில் வைத்து முறுக்கினார். ஃப்யூஸைப் போட்டதும் மைக் பேசியது.

"ஒண்ணேகால்தான் ஆகுது. நேரத்தோட முடிச்சிட்டீங்க பாய்" என்று பிரபு வண்டியைக் கிளப்பினார். ஸ்பீக்கர்களிலிருந்து ஊளை கிளம்பியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது ஏறியது. 'வைரக்கண்ணு' என்ற பெயர் அதற்குள் முங்கிப் போனது.

என்ன தவறு என்று ஜாபிருக்கு உடனே தெரிந்தது. போல்ட்டைச் சுற்றியிருந்த பெயின்ட்டை அவர் சுரண்டவில்லை; பெயின்ட்டுக்கு மேல் எர்த் சரியாகப் பிடிக்காது, இன்ஜின் இரைச்சல் ஸ்பீக்கருக்கு ஏறிவிடும். வெள்ளைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் வைரக்கண்ணு எர்த் கொடுப்பார். இப்போது சீட்டைக் கழற்ற வேண்டும், போல்ட்டை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகும்.

"இன்ஜினை நிறுத்திட்டுப் பேசிப் பாரு" என்றார்.

பிரபு சாவியைத் திருப்பினார். ஊளை நின்றது. குரல் கணீரென்று வந்தது.

"அப்ப ஒவ்வொரு தெருவுலயும் நின்னு நின்னு சொல்றேன். செத்தவர் வேலையில குத்தம்னு எவனும் சொல்லிடக் கூடாது பாய்."

"சொன்னா, இது ஜாபிர் வேலைன்னு சொல்லு."

அக்காவின் ஊரில் நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார் பிரபு. "நன்னிலம் ஸ்பீக்கர் கடை வைரக்கண்ணு அவர்கள் இன்று காலை காலமானார்..." மூன்று முறை சொன்னார். குனிந்திருந்த வரிசையில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றிலேயே விட்டாளாம். பிரபு பிறகு சொன்னது.

நாலே முக்காலுக்கு அக்கா வந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. தம்பியின் காலருகே உட்கார்ந்து, கட்டியிருந்த கால்விரல்களைப் பிடித்துக்கொண்டார். பட்டா பற்றி யாரும் பேசவில்லை. ஆனந்தவல்லி முதல் முறையாகச் சத்தம்போட்டு அழுதார்.

இரண்டு மாதம் ஆகிறது. ஊளையை நிறுத்தித் தரச் சொல்லி பிரபு மூன்று தடவை வேனைக் கடைக்குக் கொண்டுவந்து விட்டார். ஒவ்வொரு தடவையும் ஜாபிர் சீட்டைக் கழற்றி, பார்த்துவிட்டு, "நான் சீட்டத் தூக்குற ஆளுதான்" என்று திரும்ப மாட்டி அனுப்பினார். அந்த போல்ட்டைச் சுற்றியுள்ள பெயின்ட் இன்னும் சுரண்டப்படவில்லை.