பேசத் தேவையில்லாத வேஷம்

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வருடந்தோறும் ஆயுத பூசைக்கு நாடகம் போடுவார்கள். பெரும்பாலும் ராஜாவோ குடிகார மாமனாரோதான் மேடையேறுவார். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் மட்டும் டூல் ரூம் ஃபிட்டர் ஒருவர் வேற்றுக்கிரகத்திலிருந்து ஆள் கூட்டிவந்தார். அவரே எழுதிய நாடகம். இரண்டு சூரியன்கள் உள்ள கிரகத்தில், கோதாவில் இறங்கி எதிரியைக் கொன்றால்தான் மறுநாள் சாப்பாடு என்று வாழ்ந்த ஒரு வீரன். அவனை ஒரு கடத்தல் கூட்டத் தலைவன் விலைக்கு வாங்கிவந்து, தன்னிடம் தலைவெட்டியாக வைத்துக்கொள்கிறான். தலைவன் கைக்குட்டையை உதறினால் எதிரே மண்டியிட்டிருப்பவன் தலை போய்விடும். காரணம் கேட்கும் வழக்கம் கிடையாது.

அந்த வீரன் வேஷம் எனக்கு. நான் பணியாளர் துறையில் உதவி அதிகாரி. நிலையாணைகள் என்கிற தொழிற்சாலை விதிகளைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பேன். ஆறடி உயரமும் இருந்தேன். ஃபிட்டருக்குத் தேவைப்பட்டது உயரம் மட்டும்தான்.

"எனக்கு வசனம் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வசனமே இல்ல சார். அவன் பாஷை இங்க யாருக்கும் தெரியாது. நம்ம ஆளுங்கள்ல பாதி கன்னடம், கால்வாசி தெலுங்கு. பேசாத ஆளுதான் எல்லாருக்கும் புரிவான்."

ஒத்திகையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இவ்வளவு பலம் இருக்கறவன் மொத நாளே தலைவனை வெட்டிட்டுப் போகலாமே?"

"எங்க சார் போவான்? சோறு போடறவன் அவன்தான். அதோட, ஒரே வெட்டுல சுத்தமா முடிக்கிறோம்னு அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை."

எங்கள் பணியாளர் மேலாளரும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் தெற்கத்திக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் புளிசாதம் கட்டிக்கொண்டு அணைக்குப் போவோம். ஒருநாள் ஒத்திகை பார்க்க வந்தவர், ஃபிட்டர் அட்டையில் கவசம் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னப்பா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு? ஸ்கிராப்ல அலுமினியத் தகடு கெடக்குல்ல, எடுத்துப் பண்ணு. விளக்கு கிளக்கு வேணும்னாலும் எடுத்துக்கோ."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தகட்டில் கவசம் பளபளத்தது. நெற்றியில் மூன்றாவது கண்ணாக ஒரு இண்டிகேட்டர் விளக்கு மினுக்கியது. கடைசிக் காட்சியில் நான் கத்தியைத் தலைவன் கழுத்துக்குத் திருப்பியபோது மேலாளர் முன் வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்.

பொங்கல் முடிந்ததும் ஃபிட்டர் சங்கம் தொடங்கக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் அவருக்கு சார்ஜ் ஷீட் போயிற்று. நிறுவனத்தின் அலுமினியத் தகட்டையும் விளக்கையும் திருடினாராம். கவசத்தைச் சூளகிரியில் அவர் வீட்டு அலமாரி மேலிருந்து கொண்டுவந்து மேலாளர் அறையில் வைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டவன் நான்.

மேலாளரிடம் போனேன். "நீங்க அனுமதி கொடுத்தப்போ நான் பக்கத்துல நின்னேன். அந்தக் கவசத்தைப் போட்டவனே நான்தான். சாட்சி சொல்ல வேண்டியவன் எப்படி விசாரிக்கறது?"

"நீ இல்லன்னா வெளியிலேர்ந்து வக்கீலைப் போடுவாங்க. அந்த ஆளு ஃபிட்டரோட வேலையைக் காலி பண்ணிட்டுத்தான் போவான். நீ இருந்தா ஒரு வாரம் சஸ்பென்ஷனோட முடிச்சிரலாம்யா. மேல இருக்கவங்களுக்கு 'நிரூபணம்'னு ஒரு வார்த்தை வேணும், அவ்வளவுதான். தண்டனை போடுறது நான்தானே? என்னை நம்ப மாட்டியா?"

நம்பினேன். அதையும் எழுதி வாங்கவில்லை.

விசாரணையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விசாரணை அதிகாரி மீது ஆட்சேபணை உண்டா என்பது. கேட்டேன். ஃபிட்டர் சிரித்துவிட்டார்.

"உங்க மேலயா? இன்னா சார் நீங்க! நீங்க இருக்கீங்கன்னுதான் வீட்டுல சொல்லிட்டு தைரியமா வந்தேன்."

'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எந்த மொழியில் விசாரிக்க வேண்டும், துணைக்கு சக தொழிலாளி வேண்டுமா, ஆவணங்களின் நகல் கிடைத்ததா, எல்லாம் கேட்டேன். நான் போட்டு ஆடிய கவசத்துக்கு நானே சீட்டு ஒட்டி, சான்றுப் பொருள் ஒன்று என்று குறித்தேன்.

"மேனேஜர் சார்தான் எடுத்துக்கச் சொன்னாரு. நீங்களும் பக்கத்துல இருந்தீங்களே சார்" என்றார்.

விசாரணை அதிகாரி தனக்குத் தெரிந்ததைப் பதிவில் சேர்க்கக் கூடாது. விதி அப்படி. 'வாய்மொழி அனுமதி இருந்ததாகக் கூறுகிறார்; ஆதாரம் தாக்கல் செய்யவில்லை. குற்றச்சாட்டு நிரூபணமாகிறது' என்று முடித்தேன். அடித்தல் திருத்தல் இல்லாத பதினோரு பக்கங்கள்.

நான்காம் நாள் அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது.

மேலாளர் அறைக்கு ஓடினேன். அவர் கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஒரு வாரம்னு சொன்னீங்களே!"

"எதுல சொன்னேன்?"

தேதி போடாத விடுப்புக் கடிதத்தைக்கூடத் திருப்பி அனுப்புகிறவன் நான். அதற்குப் பிறகு அணைக்குப் போவது நின்றது. கேட்டவர்களிடமெல்லாம் நண்பன் கழுத்தறுத்துவிட்டான் என்று புலம்பினேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். என் மனைவி மட்டும், "ஏமாந்தது நீங்க, வேலை போனது அவருக்கா?" என்றாள்.

வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. ஃபிட்டர் என்னைத் தன் சாட்சியாக அழைத்தார். போனேன். அனுமதி கொடுத்தது, வாக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நிர்வாகத்தின் வக்கீல் எழுந்து, மிகுந்த மரியாதையோடு என் அறிக்கையை என்னிடமே நீட்டினார்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா."

"அன்னிக்கு எழுதினது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

இரண்டும் பொய்யில்லை என்று விளக்கப் பார்த்தேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. அன்று மாலைக்குள் மேலாளருக்குச் செய்தி போய்விட்டது. மறுவாரம் என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

விசாரணை முறையாக நடந்திருக்கிறது, தொழிலாளியே விசாரணை அதிகாரியை ஏற்றுக்கொண்டிருக்கிறார், பின்னால் வந்த சாட்சியத்தை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பு வந்தது. அன்றும் போயிருந்தேன். ஃபிட்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஊரான ஊத்தங்கரைக்கே திரும்பிப் போய்விட்டிருந்தார். இளைத்திருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் ஆட்சேபணை இருக்குன்னு சொல்லியிருந்தா, வேற ஆளைப் போட்டிருப்பாங்க இல்ல?"

"போட்டிருப்பாங்க."

"அவரும் நிரூபணம்னுதானே எழுதியிருப்பாரு?"

"ஆமா."

இன்னொரு காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அப்படி நடந்திருந்தா பரவால்ல சார். எவனோ தெரியாதவன் எழுதிட்டான்னு போயிருப்பேன்."