பதினொன்றிலிருந்து நாற்பது வரை

உயரக்காவின் உயரம் நாலே முக்கால் அடி. அலமாரியின் மேல்தட்டில் உள்ள கோப்பை எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பெயர் வந்தது வேலையால்தான். எங்கள் கம்பெனி லாரிகள் பாய்லர், டிரான்ஸ்பார்மர், ஆலைகளுக்கான இரும்புத் தொட்டி என்று அண்ணாந்து பார்க்கிற சாமான்களாக ஏற்றிக்கொண்டு போகும். துறைமுகத்திலிருந்து உள்ளே போகிற பெரிய சாலை ஒன்றே ஒன்று. அதன் குறுக்கே, தலைக்கு மேலே, மொத்தம் அறுபத்துநாலு தடைகள். ரயில் பாலம், நடைபாலம், மின்கம்பி, வழிகாட்டிப் பலகை மாட்டிய இரும்பு வளைவு என்று பலவகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, தரையிலிருந்து அளந்து குறித்த உயரமும் உண்டு.

ஓட்டுநர்கள் எந்தக் கிளைச்சாலையிலிருந்தும் அதில் ஏறுவார்கள், எதிலும் இறங்குவார்கள். ஏறுவதற்கு முன் போன் வரும். "அக்கா, பதினொண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும் எது கம்மி?" நடுவில் இருக்கும் முப்பது தடைகளில் ஆகக் குட்டையானதன் உயரம் என்ன என்பதுதான் கேள்வி. மற்ற இருபத்தொன்பதும் வானத்தைத் தொட்டாலும் நமக்கென்ன? அந்த ஒன்று இடித்தால் பாய்லர் போச்சு, ஓட்டுநரின் வேலையும் போச்சு.

நான் அதே அறையில் பெர்மிட் மேசையில் இருப்பவள். எனக்கும் பட்டப்பெயர் உண்டு, வாயாடி. காரணத்தோடுதான் வைத்தார்கள், அதற்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த பதினாலு வருஷத்தில் அந்தப் பேச்சு தானாகவே ஓய்ந்துவிட்டது. அப்பா போன பிறகு மிஞ்சியது மாடியில் ஓர் அறை, மூலையில் ஓர் அடுப்பு. தம்பி வெளியூரில் இருக்கிறான். அவன் போன் செய்தால் மூன்று நிமிஷம், அதில் இரண்டு நிமிஷம் "இரு, அவகிட்ட குடுக்கறேன்" என்று அவன் மனைவியைத் தேடுவதில் போகும். மதியம் அக்கா டிபன் பாக்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். வாங்க என்று கூப்பிட்டால் "இல்லம்மா, போன் வரும்" என்பார். அவர் வீட்டுக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம் போகிறது. அந்த அறுபத்துநாலு உயரமும் அவருக்கு மனப்பாடம்போல, ஆனால் ஒன்றின் அடியிலும் அவர் ஒருநாளும் போனதில்லை.

ஆரம்பத்தில் அவரிடம் ஒரு நீளநோட்டுத்தான் இருந்தது. யாராவது கேட்டால் பதினொன்றில் விரலை வைத்து நாற்பது வரை ஒவ்வொரு வரியாக இறங்குவார். அதற்கு மூன்று நான்கு நிமிஷம் ஆகும். விரல் இறங்குகிற நேரம் முழுக்க எதிர்முனையில் இருப்பவர் சும்மா இருப்பாரா? "பொண்ணுக்குக் காய்ச்சல்க்கா, விட்டுட்டு வந்துட்டேன்." "நேத்து டயர் வெடிச்சு மழையில நின்னேன், ஒரு பய நிக்கல." அக்கா உம் கொட்டிக்கொண்டே போவார். முடிவில் உயரத்தைச் சொல்லிவிட்டு, "காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார். ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும்.

லாரிகள் பெருகின. போன் எந்நேரமும் பிஸி. கிளைச்சாலைகளில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஒருநாள் மேனேஜர் வந்து, "உங்க விரலுக்காக ஊரே காத்துக்கிட்டு நிக்குதும்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அடுத்த போனை எடுத்தார். மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, சுருட்டிய பெரிய வரைபடத்தாள் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

அதில் ஏழு வரிசை. முதல் வரிசையில் அறுபத்துநாலு உயரங்களும் அப்படியே. இரண்டாம் வரிசையில், ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும் என்று ஒவ்வொரு நம்பரிலிருந்தும் தொடங்கும் இரண்டிரண்டில் குட்டையானது. மூன்றாவதில் நாலு நாலாகச் சேர்ந்தவற்றில் குட்டையானது. அதற்கு அடுத்தது எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, கடைசியில் சாலை முழுமைக்கும் ஒரே ஒரு கட்டம். கீழ் வரிசையை எழுத மேல் வரிசையில் இரண்டு கட்டத்தைப் பார்த்தால் போதும். மொத்தம் முந்நூற்று இருபத்தெட்டு கட்டங்கள்.

"சரிக்கா, இவன் முப்பது தடை கேக்கறான். முப்பதுன்னு ஒரு வரிசையே இல்லையே?" என்றேன்.

"முப்பதுக்குள்ள அடங்குற பெரிய வரிசை எது? பதினாறு. பதினொண்ணுலேர்ந்து பதினாறு எடுத்துக்கோ, இருபத்தாறு வரைக்கும் வந்தாச்சு. நாப்பதுல முடியற பதினாறு இன்னொண்ணு எடுத்துக்கோ, அது இருபத்தஞ்சுல ஆரம்பிக்குது. ரெண்டுல எது கம்மியோ அதான் பதில்."

"இருபத்தஞ்சும் இருபத்தாறும் ரெண்டு பக்கமும் வருதே!"

"வரட்டும். ஒரே பாலத்த ரெண்டு தடவ பாத்தா அது குட்டையாயிடுமா?"

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, இந்தக் குட்டை உருவத்துக்குள் எவ்வளவு பெரிய மூளை என்று. நானும் சும்மா இருக்காமல் அதே மாதிரி ஒரு தாள் தயாரித்தேன். பெர்மிட்டில் எத்தனை மின்கம்பியைத் தாண்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அக்கா மாதிரியே இரண்டு துண்டு எடுத்துக் கூட்டி எழுதினேன். நடுவில் இருந்த கம்பிகள் இரண்டு தடவை எண்ணப்பட்டு, "இல்லாத கம்பிகளைக் காட்டவும்" என்று மின்வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கூட்டலுக்கு இது ஆகாதுடி, கம்மி எது, ஜாஸ்தி எதுன்னு கேக்கறதுக்குத்தான்" என்றார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மேனேஜர் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொன்னார். எங்கிருந்து எங்கே கேட்டாலும் இரண்டே பார்வை, பத்து விநாடி, மீட்டரும் சென்டிமீட்டருமாகப் பதில். "நாலு அறுபத்திரண்டு." "தேங்க்ஸ்க்கா." டொக். அடுத்த போன். ஒரு நாளைக்கு நாற்பது போன் எழுபதானது, ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. கம்பெனியே மெச்சியது.

அப்புறம்தான் அந்த அறையில் அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. யார் பெண்ணுக்குக் காய்ச்சல், யார் மழையில் நின்றார் என்பது எதுவும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. பத்து விநாடியில் ஒருவர் என்னத்தைச் சொல்வார்? போன்களுக்கு நடுவே அக்கா சில சமயம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். "என்னக்கா?" என்றால், "சத்தம் வருதான்னு பாத்தேன்" என்பார். தன் கையாலேயே தன் பேச்சுத்துணையை வெட்டிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிய நாளானது.

ஒரே ஒரு குரல் மட்டும் பத்து விநாடியில் அடங்கவில்லை. அவரை எல்லாரும் கரகரப்பு என்பார்கள். தொண்டையில் மணல் கொட்டியதுபோன்ற குரல். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தினமும் காலை பத்தரைக்குக் கூப்பிடுவார். "பதினொண்ணுலேர்ந்து நாப்பது." அக்கா சொல்வார். "அப்படியே மூணுலேர்ந்து அம்பத்திரண்டு பாத்துருங்களேன்." அதையும் சொல்வார். "ஒருவேள இருபதுல இறங்கிட்டா?" இப்படி நாலைந்து கேள்வி.

ஒரு நாள் நான் நிமிர்ந்து பார்த்தால், அக்கா இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்து வைத்திருந்தார். விரலை வைத்துக்கொண்டு, "பதினொண்ணு, அஞ்சு பத்து... பன்னிரண்டு, நாலு தொண்ணூறு..." என்று நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். கரகரப்பு நடுநடுவே குறுக்கிட்டார். அந்த ரிசீவரில் அவர் குரல் என் மேசை வரைக்கும் கேட்கும். "பன்னெண்டுக்கு அடியில ஒரு நாய் குட்டி போட்டிருக்கும்மா, அஞ்சு. ஒண்ணு மட்டும் வெள்ள." "பத்தொம்பதுல பொறம்போக்கா கெடந்த எடத்துல யாரோ சூரியகாந்தி போட்டிருக்கான்." அக்கா கண்களை மூடிக் கேட்பார். தான் பார்க்காத சாலையை அவர் அப்படித்தான் பார்த்தார்.

"அக்கா, அட்டவணை கண்ணாடிக்கடியில தூங்குதே?" என்று சீண்டினேன். "உன் வேலையப் பாருடி" என்றார். காது சிவந்திருந்தது.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெர்மிட் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாள் கண்ணில் பட்டது. கரகரப்பு எட்டு மாதம் முன்பே தாழ்ந்த வண்டிக்கு மாறியிருந்தார். இரும்புத் தகடு ஏற்றுகிற வண்டி. சுமையோடு சேர்த்து மூன்று மீட்டர்தான். அந்தச் சாலையில் எந்தத் தடையும் நாலரை மீட்டருக்குக் கீழே இல்லை. உயரம் கேட்க அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. இந்த விஷயம் அக்காவுக்கு இனிக்கும் என்று நான் நினைத்தேன், சத்தியமாக. தனியாகச் சொல்லியிருக்கலாம். டீ வேளையில், நாலு பேர் இருக்கும்போது, "அக்கா, உங்க ஆளு வண்டி மூணு மீட்டர்தான் தெரியுமா? உயரத்துக்காக ஒண்ணும் அவர் கூப்பிடல!" என்று உரக்கச் சொன்னேன். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. தன்னைப் பார்த்து ஊரே பரிதாபப்படுகிறது, அந்த மனுஷரும் பரிதாபப்பட்டுத்தான் பேசியிருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். டீயை அப்படியே வைத்துவிட்டு இடத்துக்குப் போனார்.

மறுநாள் பத்தரைக்குப் போன் வந்தது. அக்கா நோட்டை எடுக்கவில்லை. "நாலு அறுபத்திரண்டு. உங்க வண்டிக்கு இது தேவையில்லைங்க. மத்தவங்க லைனுக்குக் காத்திருக்காங்க."  எதிர்முனையிலிருந்து "சரிங்கம்மா" என்று மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு கரகரப்பு கூப்பிடவில்லை. நாலு மாதம். பத்தரை ஆனால் அக்காவின் கை போன் பக்கம் நகரும். வேறு யாராவது பேசினால் உயரத்தைச் சொல்லி வைத்துவிடுவார். வாரக் கடைசியில் கிளம்பும்போது, "திங்கக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல" என்று ஒருதரம் சொன்னார். விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தது. பஸ்ஸில் போகும்போது அந்த வார்த்தை என்னை அறுத்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தினமும் நினைப்பேன். நாள் முழுக்க ஓயாத என் வாய் அதற்கு மட்டும் வராது.

அப்புறம் நெடுஞ்சாலைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. முப்பத்தேழாம் நம்பர் பாலத்துக்கு அடியில் புதுத் தார் போட்டுவிட்டார்கள். தரை பன்னிரண்டு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. நாலு எழுபதாக இருந்த உயரம் இனி நாலு ஐம்பத்தெட்டு. முழுச் சாலைக்கும் அதுதான் இப்போது ஆகக் குட்டை. கடிதத்தை நீட்டினேன். அக்கா படித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கித் தாளை உருவினார்.

"நோட்டா இருந்தா ஒரு வரிய அடிச்சு எழுதினா முடிஞ்சது. இதுல அப்படி இல்ல. முப்பத்தேழு எங்கெங்க உள்ள இருக்கோ அத்தனையும் மாறும்" என்றார்.

எண்ணிப் பார்த்தோம். அறுபது கட்டங்கள். ஒன்றை விட்டாலும் யாரோ ஒருவர் பாய்லரோடு போய் இடிப்பார். அக்கா சிவப்பு மையில் எழுத, நான் எதிரே உட்கார்ந்து சரிபார்த்தேன். நாலு ஐம்பத்தெட்டு, நாலு ஐம்பத்தெட்டு என்று ஒரே எண்ணை அறுபது தடவை. முப்பதாவதோ என்னவோ, நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "நீ சிரிச்சுட்டுப் போயிட்ட. நான்ல அவர மூஞ்சில அடிச்ச மாதிரி பேசினேன்" என்றார். பிறகு, "அடுத்த வரிசையப் பாரு" என்றார்.

வேலை முடிந்ததும் உயரமான வண்டிகளின் ஓட்டுநர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பதினெட்டுப் பேர். பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதன் அடியில், ஒரு வரி இடம் விட்டு, பத்தொன்பதாவதாக ஓர் எண்ணை எழுதினேன். பெயர் எழுதவில்லை. அக்கா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தார். "முப்பத்தேழு இனிமே நாலு அம்பத்தெட்டு. குறிச்சுக்கோங்க." டொக். பதினெட்டுப் பேருக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பதினெட்டாவதற்குப் பிறகு ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் பெர்மிட் எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. எதிர்முனையில் மணி வெகுநேரம் அடித்தது. எடுக்க மாட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"யாரு?" அதே மணல் குரல்.

 தார் போட்டதைச் சொல்லலாம், கையில் கடிதம் இருக்கிறது, சாக்குக்குப் பஞ்சமில்லை. மனதுக்குள் 'சொல்லுங்கக்கா, சொல்லுங்க' என்று நான் தவித்தேன். அக்கா கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"உயரம் பாக்கறவ பேசறேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான் கூப்பிட்டேன்."

என்ஜின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது; வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"அந்த எட்டு மாசம் பூரா நானும் சும்மாதாம்மா கூப்பிட்டேன்" என்றார் அவர்.

நான் எழுந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே வந்து நின்றேன்.