சேணத்துக்குள் முறிந்த மரம்

2009இல் லண்டனில் எனக்கு வார நாட்களில் கிடங்கு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சவுத்தால் பக்கம் ஒரு சந்தையில் பழைய சாமான் வியாபாரம். ஓய்வென்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. ஒருமுறை, யாரோ வீடு காலி செய்தபோது கிடைத்த குதிரைச் சேணம் ஒன்றை விற்பனைக்கு வைத்தேன். கௌபாய்கள் போடுகிற, முன்பக்கம் கொம்பு வைத்த சேணம். தோலில் அமெரிக்க முத்திரை இருந்தது. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைப் பூசித் துடைத்ததில் புதிதுபோல மின்னியது.

காலையில் வந்த வெள்ளைக்காரப் பெண்மணி முத்திரையைப் பார்க்கவேயில்லை. சேணத்தை மடியில் வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து அமுக்கினார். நடுவில் மடங்கியது.

“உள்ளே மரச்சட்டம் முறிந்திருக்கிறது. இதைப் போட்டால் குதிரையின் முதுகு புண்ணாகிவிடும்,” என்று மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொல்லிவிட்டுப் போனார்.

“அப்ப இதை வானுக்குள்ள வையுங்கோவன்,” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி, எங்கள் வான் வண்டியைக் காட்டி.

“பொறு, பிறகு வைக்கிறன்.” எழும்பவே அலுப்பாக இருந்தது.

மத்தியானம் ஒருவர் வந்தார். மகளுடைய குதிரைக்கு என்றார். அமெரிக்கச் சேணம்தானா என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். அது உண்மைதான். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

“ஏனப்பா சொல்லேல்லை?” என்றாள் மனைவி.

“அவர் கேக்கேல்லையே.”

இலங்கையில் போர் முடிந்த அந்த வருஷம் என்னைச் சந்தித்தவர்கள் எல்லோரும் எந்த நாடு என்றுதான் கேட்டார்கள். உள்ளே என்ன முறிந்துபோயிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. களைப்பில் அதையே, சொல்லாமல் விட்டதற்குச் சாட்டாக வைத்துக்கொண்டேன். குதிரைக்குக் கேட்க வாயில்லை என்பது, வெறும் வான் வண்டியோடு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.