மகிஷனுக்கு வாய்த்த மீசை

தொட்டையனுக்கு எழுபது நெருங்கிவிட்டது. மைசூர் மண்டி மொஹல்லாத் தெருக்களில் பாதிப் பூசையறைச் சாமிகள் அவர் கைவேலைதான். அரண்மனைச் சித்திரக்காரர்களுக்குச் சால்வை போர்த்துவார்கள். இவரை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். படம் எழுதினது யாரென்று ஒரு மனுசன் கேட்டதில்லை. கிழவருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். சாவதற்குள் ஒரு தடவையாவது, நாலு பேர் நடுவில், "இது தொட்டையன் எழுதினது" என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்!

அந்தத் தசராவுக்கு வெல்ல மண்டி முதலாளி நஞ்சுண்டசாமி சாமுண்டியம்மன் படம் கேட்டார். அவரும் தொட்டையனைப் போலவே கொள்ளேகாலத்துக்காரர். ஊர்க்காரர் என்ற உரிமையில் தொட்டையன் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, மூலையில என்ற பேரைப் பொடிசா எழுதிக்கட்டுங்களா?"

"அம்மன் காலடியில உன்ற பேரா? நல்லா வந்தா அம்மன் அருளு, கோணலா வந்தா உன்ற கை. போய் வேலையைப் பாருய்யா!"

சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்த ஆள் தலையாட்டினால் நம்பவே கூடாது.

ஆயுத பூசையன்று படம் துணி போர்த்தி மண்டிக்கு வந்தது. மறுநாள் மகாராஜாவின் யானை ஊர்வலம் பார்க்க வந்திருந்த உறவுசனம் மொத்தமும் அங்கே கூடியிருந்தது. அம்மனுக்குக் கண் திறப்பதுதான் கடைசி வேலை. திறந்துவிட்டால் அப்புறம் படத்தில் தூரிகை படக்கூடாது, இறக்கி வைக்கவும் கூடாது. தொட்டையன் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணெழுதினார். வெளியே வந்து துணியை இழுத்தார். கற்பூரம் காட்டினார்கள்.

அம்மன் ஜொலித்தாள். காலடியில் மகிஷாசுரன். தலையில் எருமைக் கொம்பு. அதற்குக் கீழே நஞ்சுண்டசாமியின் உருண்டை மூக்கு, நஞ்சுண்டசாமியின் முறுக்கு மீசை, நஞ்சுண்டசாமியின் கன்னத்து மரு!

முதலில் சிரித்தது அவர் சம்சாரம் கௌரம்மாதான். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. "அட, அப்படியே உரிச்சு வெச்சிருக்குதே! யாருங்க எழுதினது?" என்றாள். கூட்டமும் கேட்டது, யாரு, யாரு என்று.

தொட்டையன் ஆயுசெல்லாம் காத்திருந்த கேள்வி வந்துவிட்டது. அடியும் பின்னாலேயே வருமே! ஓடிவிடலாமா? ஓடினால் பேர் போச்சு. முன்னால் வந்தார்.

"நான்தானுங்க."

நஞ்சுண்டசாமி கையை ஓங்கினார். ஓங்கின கை அந்தரத்திலேயே நின்றது. எதற்கு அடிக்கிறாய் என்று யாராவது கேட்டால்? அந்த அசுரன் நான்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்வதா? கண்ணும் திறந்தாயிற்று, அழிக்கவும் வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். மீசை துடிக்க, ஓங்கின கையை மெல்லக் கிழவர் தோளில் இறக்கினார்.

"மகிஷன் எந்த ஊர்க்காரனோ, நமக்கென்ன தெரியும்? படம் எழுதினது நம்ம தொட்டையனாக்கும்!" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

தொட்டையனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்க மொதலாளி," என்றார். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலை."