லட்சுமணன் குத்திய நம்பர்

புதுப்பட்டினம் லட்சுமணனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. 2004-இல் அது நோய்போலவே ஆகிவிட்டது. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரு கார்டு படுத்திய பாடு.

பதினான்கு வருடம் பைப்புகளை வெல்டிங் செய்யும் ஷெட்டில் ஹெல்பராக கேஸ் சிலிண்டர் உருட்டியவர், முப்பத்தெட்டு வயதில் மறைமலைநகர் போய் மூன்று மாதம் ஆர்கான் வெல்டிங் படித்தார். அந்த மூன்று மாதமும் மனைவி சகுந்தலா கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். தேர்வில் லட்சுமணன் இரண்டு பைப்பைச் சேர்த்து அடித்த ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட இல்லை. நாற்பத்தேழு என்ற நம்பரோடு வெல்டர் கார்டு கிடைத்தது.

அந்தக் கார்டுக்கு ஒரு கெட்ட குணம். ஆறு மாதம் அந்த நம்பரில் வேலை பதிவாகாவிட்டால் செல்லாது. மறுபடி தேர்வுக்குப் போக வேண்டும். ஷெட் கான்ட்ராக்டர் பாலசுப்ரமணியனோ அவரைப் பழையபடி சிலிண்டர் உருட்டவே விட்டார். படித்த பிறகும் அதே ஹெல்பர் கூலி! கேட்கிற எனக்கே எரிகிறது. ஞாயிறுதோறும் மறைமலைநகர் கம்பெனி வாசல்களில் போய் நின்றார். முப்பது வயது தாண்டியவர் வேண்டாம் என்றார்கள்.

ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. ஷெட்டின் வெல்டர் குமார் காய்ச்சலில் படுத்துவிட்டார். பைப் அன்றே லாரி ஏற வேண்டும்.

"லட்சுமணா, நீயே அடிச்சிடு," என்றார் பாலசுப்ரமணியன். "நம்பர் மட்டும் குமாரோடத குத்து. பார்ட்டிகிட்ட அவன் பேருதான் குடுத்துகீறேன்."

ஜாயின்ட் பக்கத்தில் எந்த வெல்டரின் நம்பர் குத்தியிருக்கிறதோ, அதுதான் பதிவேட்டில் ஏறும். லட்சுமணன் அடித்து முடித்தார். சுத்தமான வேலை. குமாரின் நம்பரைக் குத்தச் சுத்தியலை எடுத்தார். ஆறு மாத ஆத்திரம். ஓங்கி நாற்பத்தேழைக் குத்தினார்.

எக்ஸ்ரேயில் ஜாயின்ட் பாஸ். வேறு வழியில்லாமல் நாற்பத்தேழு பதிவேட்டில் ஏறியது. பாலசுப்ரமணியன் கத்தவில்லை.

"நாளிக்கு வராத," என்றார்.

விஷயத்தைக் கேட்ட சகுந்தலா மாவுக் கையோடு நின்றார்.

"கார்டுக்கு ஆறு மாசம் உயிர் குடுத்துட்டு வந்துகீற. நாங்க இன்னாயா துன்றது?"

லட்சுமணனுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. குத்தியதற்கு மட்டும் வருத்தமே வரவில்லை.