கடைசி நடை

என் அம்மா முதல்முறை விமானம் ஏறியது நான் பந்தாடுவதைப் பார்க்கத்தான். மரக்காணத்தில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளம் மொத்தமும் தண்ணீரில் கிடக்கும். பொங்கல் தாண்டித்தான் மறுபடி வேலை. அம்மாவுக்கு அதுதான் லீவு. அப்பாவையும் இழுத்துக்கொண்டு டென்மார்க் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு அது சொந்த நாடு. ஆனாலும் விமான நிலையத்தில் வழி தெரிந்தவள் மாதிரி முன்னால் நடந்து வந்தது அம்மாதான்.

நான் இங்கே ஒரு சின்ன நகரத்துப் பெண்கள் அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறேன். இரண்டாம் டிவிஷன்தான், பெரிய கூட்டமெல்லாம் வராது. ஆனால் கால்பந்துதான் என் தொழில் என்று சொல்லும்போது இன்றைக்கும் என் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. மரக்காணத்துப் பள்ளி மைதானத்தில் பையன்களோடு முட்டி மோதி ஆடத் தொடங்கியவள் நான். அப்பா குயிலாப்பாளையத்தில் தச்சு வேலை செய்தார். சாயங்காலமானால் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பாண்டிச்சேரிக்குப் பயிற்சிக்குப் போவேன். ஊரில் என்னை வெள்ளைக்காரி என்றார்கள். இங்கே வந்தால், நீ எந்த நாட்டுக்காரி என்கிறார்கள். இரண்டு ஊரிலுமே நல்ல கண் டாக்டர் இல்லை போலிருக்கிறது.

அம்மா வந்த நேரம்தான் சரியில்லை. அந்த சீசனில் வந்த புதுப் பயிற்சியாளருக்கு என் இடத்தில் வேறொரு பெண்ணைப் பிடித்துப் போய்விட்டது. நான் பெஞ்சில்தான் இருந்தேன். இதை அம்மாவிடம் போனிலேயே சொல்லியிருந்தேன்: உட்கார வைத்திருக்கிறார்கள், இறக்கினாலும் கடைசியில்தான் இறக்குவார்கள் என்று. "கடைசியிலயா? சரி, வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். குளிருக்காக ஆட்டங்களை நிறுத்துவதற்கு முன்னால் எங்கள் மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. அதிலும் என்னை இறக்காவிட்டால், அவ்வளவு தூரம் வந்தவள் நான் கோட்டு மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்துவிட்டுப் போவாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்டத்தன்று அம்மா புடவைக்கு மேல் அப்பாவின் பழைய கோட்டும் தலையில் என் குல்லாயுமாக வந்து உட்கார்ந்தாள். நான் பெஞ்சிலிருந்து பார்க்கிறேன், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் என்னைக் கைகாட்டித் தமிழிலேயே என்னவோ விளக்கிக்கொண்டிருக்கிறாள். அவரும் பொறுமையாகத் தலையாட்டுகிறார். அம்மா முகத்தில் பெருமை வழிகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆடாமல் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது?

இடைவேளைக்குப் பிறகு, உடம்பு சூடேற ஓரமாக ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா கம்பி ஓரம் வந்து நின்றார். அம்மா என்ன பேசிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டேன்.

"உன்னக் கடைசி நடைக்குன்னு நிறுத்தி வச்சிருக்காங்களாம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டா" என்றார்.

உப்பு லாரி ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெண்கள் உப்புக் கூடையைத் தலையில் சுமந்து, சாய்த்துப் போட்ட பலகை வழியாக ஏறி லாரியில் கொட்டுவார்கள். ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒரு நடை. லாரி நிரம்ப நிரம்பப் பலகையைத் தூக்கித் தூக்கிப் போடவேண்டும். கடைசியில் அது ஏணி மாதிரி நிற்கும். கூடையிலிருந்து சொட்டும் தண்ணீரில் வழுக்கவும் செய்யும். மற்றவர்கள் அப்போது ஒதுங்கிக்கொள்வார்கள். மேஸ்திரி அம்மாவைக் கூப்பிடுவார். அவள் ஏறுவதைக் கீழே நின்று வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆக, பயிற்சியாளர் என்னை ஓரங்கட்டியதை, அவர் எனக்குச் செய்த மரியாதை என்று அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள்.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். எதிரணி மொத்தமும் எங்கள் கோல் பக்கம் வந்து நெருக்கிக்கொண்டிருந்தது. முதலில் வந்த பந்தையே குறுக்கே விழுந்து தடுத்தேன். அடுத்ததைப் பறித்துக்கொண்டு எதிரணி மூலைக்கு ஓடினேன். மிச்ச நேரம் அங்கேயே கழியட்டும் என்று பந்தைக் காலடியில் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கணுக்காலில் உதைத்தார்கள், விலாவில் இடித்தார்கள். நான் விடவில்லை. விசில் ஊதும்போது பந்து என் காலடியில்தான் இருந்தது. கோல் போடவில்லை என்றாலும் அன்றைக்கு நான் நன்றாகவே ஆடினேன். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அம்மா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். கம்பளிக் கையுறை போட்டிருந்ததால் சத்தமே வரவில்லை.

பிறகு மைதானத்துக் கேன்டீனில் மூன்று பேரும் காபி குடித்தோம். அம்மா உடனே ஊருக்குப் போன் போட்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் கடைசி நடைக் கதையைச் சொல்ல வேண்டும் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இங்க நல்லா ஆடுறவங்களத்தான் மொதல்ல எறக்குவாங்க. என்னை வேணாம்னு உட்கார வச்சிருக்காங்க. இத போய் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காத."

அம்மா காபியை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"தெரியும்டி. என்னை மட்டும் எதுக்குக் கடைசில நிறுத்துனாங்கன்னு நெனச்ச?"

அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், வெள்ளைக்காரன் பெண்டாட்டிக்கு உப்பளத்தில் என்ன வேலை என்று கூட இருந்தவர்களே அவளை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்களாம். நிமிர்ந்து நிற்கும் பலகையைப் பார்த்தால் தானாகவே நின்றுவிடுவாள் என்று கணக்குப் போட்டார்கள். அம்மா ஏறினாள். வழுக்கி விழுந்து தோள் பிசகியது. சரியானதும் வந்து மறுபடி ஏறினாள். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அப்பா எங்களைப் பார்க்காமல் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது.

"வேணாம்னு தள்ளிவிட்ட எடம்தான் அது. அப்புறம் நான் ஒரு நாள் போகலன்னா லாரி பாதியில நின்னுச்சு" என்றாள்.

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பன் நன்றாக இருக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொண்டு வா என்றாள். போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பயிற்சியாளர் திரும்பி எங்கள் மேசையைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா யார் என்று கேட்டார். என் அம்மா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உப்பு லாரி ஏற்றுகிறவர், கடைசி நடை அவருடையது என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.